பழுதில்லாத மிசின்கள்

மகள் உளவியலில் முதுமாணிப் பட்டத்தோடு கரவெட்டிக்குத் திரும்பினாள். உளவளத்துணையாளராகப் பதிய அது போதாதாம். ஆட்களோடு தனியே இருந்து கதைக்க வேண்டும். கடைசியில் ஒருமுறை அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் அதற்கென்று யார் வருவார்கள்? வந்தால் பின்னேரமே ஊருக்குத் தெரிந்துவிடும். முதலில் வந்த வெங்காயத் தோட்டக்காரர், சைக்கிளில் தண்ணீர் இறைக்கும் மிசினைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் வீட்டு முற்றத்திலேயே மிசின் திருத்துகிறவன்.

"இதுக்கு ஒண்டுமில்லை. சும்மா கழட்டிப் பூட்டுங்கோ. நான் பிள்ளையோடை கதைச்சிட்டு வாறன்" என்றார்.

அதன்பிறகு எல்லோரும் அப்படித்தான். நல்ல மிசின்களைக் கழற்றிப் பூட்டினேன். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை, எனக்குப் பிடித்திருந்தது. அடிக்கடி வந்த ஒருவரின் மிசின், கழற்றிக் கழற்றியே உண்மையில் பழுதாகிவிட்டது.

கையெழுத்து வைக்க மேடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அன்று, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் கதைக்கச் சம்மதித்திருந்தார். மிசினை என்னிடம் இறக்கிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர், மெய்யாகவே பழுதான மிசினோடு வந்து மகளின் அறை யன்னலுக்குக் கீழே குந்தினார். முற்றத்தில் அங்கேதான் நிழல். எழும்பச் சொன்னால் ஏன் என்று கேட்பார். உள்ளே கதைப்பது தெளிவாகக் கேட்டது.

அதிபரின் மிசினைக் கயிற்றை இழுத்துச் சத்தமாக ஓடவிட்டேன்.

"உது நல்லாத்தானே ஓடுது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மேடம் யன்னலால் எட்டிப் பார்த்தார். "ஐயா, அதை நிப்பாட்டுங்கோ. அவர் சொல்லுறது ஒண்டும் கேக்கேல்லை."

நிற்பாட்டினால் வெளியே கேட்கும். அது தெரிந்தால் அதிபர் எழும்பிப் போய்விடுவார்; மகளுக்குக் கையெழுத்து இல்லை.

நிற்பாட்டிவிட்டுச் சத்தமாகக் கதைக்கத் தொடங்கினேன். இத்தனை வருடத்தில் அந்த மனிதரோடு மழையைப் பற்றி மட்டும்தான் கதைத்திருக்கிறேன். மிசினைப் பற்றிச் சொல்லி முடிந்ததும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டதைச் சொன்னேன். ஆட்களைக் கண்டால் வியர்ப்பதையும், கல்யாண வீடுகளில் சாப்பிடாமலே திரும்புவதையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மேடம் கையெழுத்து வைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் திருத்தாத மிசினோடு படலைவரை போனவர், திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, மகள் படிச்சுப்போட்டு வீட்டிலைதானே இருக்கிறா. வெக்கப்படாமல் ஒருக்கா அவவோடை கதைச்சுப் பாருங்கோ."