கம்பி இடுக்கில் நுழைந்த டம்ளர்

என்னிடம் இருக்கும் அலுமினிய டம்ளர் வட்டமாக இல்லை. அம்மா அதைக் கல்லால் தட்டி நசுக்கியிருந்தாள். பள்ளிக்கூடத்துக் கதவின் கம்பிகளுக்கு நடுவே அது நுழைந்தாக வேண்டியிருந்தது.

1950களில், ஆம்பூரில், அம்மாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. இருட்டிலேயே கிளம்பிவிடுவாள், காலையில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாது. முற்பகலில் சங்கு ஊதியதும் கம்பெனியில் கஞ்சி ஊற்றுவார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். அக்காவும் நானும் பள்ளி வாசலில் நின்று குடிப்போம். சங்கு கேட்டதும் பாதி வகுப்பு எழுந்து ஓடுவது ஒழுங்கீனம் என்று கண்டுபிடித்த தலைமையாசிரியர், மதியம்வரை கதவைப் பூட்டச் சொன்னார். தூக்கு கம்பியில் நுழையாது. காவல்காரர் ஒரு டம்ளர் வரைக்கும்தான் கண்ணை மூடிக்கொள்வார்.

"நீ குடிடா. ஒனக்கு அடுத்தது கணக்கு. எனக்குத் தையல்தான், தூங்கிக்கினே தைப்பேன்" என்பாள் அக்கா.

அவளுக்கும் கணக்குதான். வகுப்பில் தூங்கினாள், எழுப்பியவளைக் கடித்தாள். டீச்சர் அம்மாவை வரச் சொன்னார்.

"தூங்குறா, இல்லன்னா சண்டை போடுறா. இவளுக்குப் படிப்பு ஏறாதும்மா, கூட்டிக்கினு போ."

அம்மா கூட்டிக்கொண்டு போனாள், கம்பெனிக்கு.

பின்னாளில் நான் கல்வித் துறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றேன். ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கான நடைமுறை முழுதும் எனக்கு அத்துப்படி. காலையில் சாப்பிட்டாயா என்று அந்தப் பிள்ளையைக் கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. கேட்கச் சொல்லும் விதிதான் இல்லை.

அதன்பிறகு சங்கு ஊதினால் அக்காதான் வருவாள். அவளுக்கும் கம்பெனியில் தனிப் பங்கு. வயிறு நிறையக் குடித்துவிட்டு, அம்மாவின் பங்கை எனக்குக் கொண்டுவருவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு இன்னா கணக்குடா?" என்று கேட்பாள். சொல்வேன். நான் டம்ளரைக் காலி செய்வதற்குள் விடை வந்துவிடும்.

"பாத்தியா, கஞ்சி குடிச்சா ஏறுதுடா!" என்று சிரிப்பாள், பூட்டிய கதவுக்கு வெளியே நின்று.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். சங்குச் சத்தமும் இப்போது என் காதுக்கு எட்டுவதில்லை. முற்பகல் காபியை அந்த டம்ளரில்தான் குடிக்கிறேன். கடைசி மடக்கை மட்டும் சற்று நேரம் அப்படியே வைத்திருப்பேன். அவள் விடை சொல்லட்டும்.