பதினேழாவது மாடியின் வாட்டம்

என் வீட்டுக்காரருக்கு முப்பத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் குழாய் வேலை. நகரமே அண்ணாந்து பார்க்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

கட்டும்போதே பதினேழாவது மாடிக் கழிவறைக் குழாய்க்கு வாட்டத்தைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். வெளியே ஓடவேண்டிய சரிவு உள்ளே திரும்பிவிட்டது. தரையெல்லாம் பூசி முடித்த பிறகுதான் இவர் கண்டுபிடித்தார். "அடுத்த வருஷம் மாத்திடலாம், அதுவரைக்கும் நீ பாத்துக்கோ," என்றார் இன்ஜினியர். அந்த அடுத்த வருஷம் இருபத்தைந்து வருஷமாக வரவேயில்லை.

இவரும் பார்த்துக்கொண்டார். திங்கள்தோறும் காலை ஆறு மணிக்கு மூடியைக் கழற்றி, வலது கையைத் தோள்வரை விட்டு, ஒரு வாரத்து அசிங்கத்தை வாளியில் அள்ளுவார். அந்த வளைவில் கம்பி திரும்பாது, கைதான் போகும். எட்டு மணிக்கு டை கட்டினவர்கள் வந்து, எதுவும் தெரியாமல் உட்கார்ந்து எழுந்து போவார்கள்.

வீட்டுக்கு வந்து சோப்பு கரையக் கரையத் தேய்ப்பார். அப்படியும் திங்கட்கிழமைகளில் மகளைத் தொட்டதில்லை. அவள் வளர்ந்து, கல்யாணமாகி, வேலைக்கும் போகிறாள். பகலெல்லாம் பேத்தி எங்களிடம்தான். இரண்டு வயசுக் குழந்தை 'தூக்கு' என்று ஓடிவரும். திங்களானால் இவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

கட்டடத்துக்கு வெள்ளிவிழா வந்தது. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போட ஒருவர் பேனாவும் கையுமாக வந்தார். இவர் மூன்று மணி நேரம் பேசி, வாட்டத்தைப் படமாகவே போட்டுக் கொடுத்தார். புத்தகத்தில் வந்துவிட்டால் மாற்றித்தானே ஆகவேண்டும் என்று நப்பாசை.

வழவழவென்று புத்தகம் வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில், 'இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு அடைப்புகூட ஏற்படாத கழிவுநீர் அமைப்பு' என்று போட்டு, பக்கத்தில் அந்த இன்ஜினியரின் சிரித்த மூஞ்சி. இவர் போட்ட படத்தைக் காணோம்.

"மேனேஜரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். அடைச்சதா ஒரு புகார்கூட இல்லையே, உன்னை எப்படி நம்புறதுங்கறாரு."

அடைக்க விட்டிருந்தால்தானே புகார் வரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தத் திங்கக்கிழமை பேசாம படுத்துக்குங்க."

"கூட்டுற அம்மாதானடி அப்புறம் அள்ளணும்."

"அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினேன். அந்த அம்மா ஒரு வாரம் லீவு போட்டுவிட்டாள்.

புதன்கிழமை பத்தரை மணிக்குப் பொங்கியது. கம்பளத்தின் மேல், பளபள ஷூக்களின் மேல், எல்லாம் அவர்கள் சரக்குதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல என்ன கூச்சம்? நாலே நாளில் தரையை உடைத்துக் குழாயை மாற்றிவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே இவர் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். 'கட்டடத்தின் வரலாற்றிலேயே இது முதல் அடைப்பு. காரணம், குழாய்ப் பணியாளரின் அலட்சியம். இன்றுமுதல் பணிநீக்கம்.'

த்தூ. அத்தனை வருஷம் அவர் வாளியில்கூட இப்படி ஒரு அசிங்கத்தை நான் கண்டதில்லை.

"வாட்டம் சரியா வச்சிருக்காங்கடி," என்றார் இவர். "தண்ணி ஊத்திப் பாத்துட்டுதான் வந்தேன்."

பேத்தி வழக்கம்போல ஓடிவந்தது. இவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வலது கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.