அப்பா ஓட்டியபோது வந்த எண்கள்

எங்கள் வேனுக்கு விக்கல் வந்திருக்கிறது என்று முதலில் சொன்னது ஒரு மீன்கார அம்மா. கடலூர் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் ஒன்பது பெண்களையும் அவர்களுடைய கூடைகளையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போகிற வேன் அது. அப்பாவே சொந்தக்காரர், அப்பாவே டிரைவர். கோடை விடுமுறையில் நானும் தொற்றிக்கொள்வேன். எனக்கு அப்போது பத்து வயது.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிற வண்டி திடீரென்று தளரும். பிறகு நினைத்துக்கொண்டதுபோல் ஒரு குதி குதித்து ஓடும். உள்ளே இருப்பவர்கள் முன்னால் சாய்ந்து பின்னால் விழுவார்கள். ஐஸ் தண்ணீர் எல்லார் புடவையிலும் தெறிக்கும்.

"இன்னாப்பா, உன் வண்டிக்கு விக்கலா? கொஞ்சம் தண்ணி குடுத்துப் பாரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கைக் காட்டினார். இன்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு அது. "லைட்டு எரியுதுல்ல, அதான். பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான். வீட்டில் அம்மா கேட்டபோதும் அதையே சொன்னார். அந்த விளக்கு ஒன்று இருந்தது அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் ஒருநாள் வண்டி அப்படித் தளர்ந்தபோது பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள்மேல் மோதவில்லை. ஆனால் வேன் குதித்த குதியில், விக்கல் என்று சொன்ன அதே அம்மாவின் நெற்றி கம்பியில் பட்டுக் கிழிந்துவிட்டது. முந்தானையால் அழுத்திக்கொண்டு, "மீன் விக்கணும்ப்பா, நீ போ" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

அவர்களை இறக்கிவிட்டதும் அப்பா நேராக சிதம்பரத்திலேயே இருந்த மாமாவின் மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியை விட்டார். அம்மாவின் தம்பி அவர். எனக்கு மாமா, அவரோ என் அப்பாவை மாமா என்பார். அப்பா அவரை மச்சான் என்பார்.

மாமா ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து கைக்கு அடக்கமான ஒரு கருவியின் வயரைச் சொருகினார். திரையில் ஓர் எழுத்தும் நாலு எண்களும் வந்தன. எந்தப் பாகத்தில் கோளாறு என்பதை வண்டியே இப்படி எண்ணாகச் சொல்லிவிடும் என்றார். என்னால் நம்பவே முடியவில்லை. ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று இன்ஜினுக்குச் சொல்கிற சென்சார் போய்விட்டதாம். புதிதாக ஒன்றைப் பொருத்தி, பழைய எண்ணை அழித்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது. அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அந்த மாதத்தில் பார்த்ததில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாம் மாமா" என்றார் மாமா.

அப்பா ஓட்டினார். பைபாஸில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி தளர்ந்து, குதித்தது. விளக்கு எரியவில்லை.

மாமா கருவியை என் கையில் கொடுத்தார். "பாப்பா, இதுல மாறுற நம்பர சத்தமா படிச்சிகிட்டே வா" என்று சொல்லிவிட்டு, இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இருபது... இருபத்தொண்ணு... பதிமூணு... நாலு... முப்பத்தஞ்சு..."

"சரியா பாத்துப் படி."

"சரியாத்தான் மாமா படிக்கிறேன்."

பிறகு மாமா ஓரமாக நிறுத்தச் சொல்லி, அவரே ஓட்டினார். இருபது, இருபது, இருபது, இருபது. வண்டி ஒருமுறைகூடத் தளரவில்லை. எனக்குச் சலிப்பாகிவிட்டது. "அப்பா ஓட்டுனாத்தான் நம்பர் நல்லா மாறுது" என்றேன்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மாமா மறுபடி கீழே குனிந்தார். ஆக்சிலேட்டர் பெடலின் ரப்பரில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஆயில் என்று நினைத்து விரலால் தேய்த்தார். விரலை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "செருப்பக் கழட்டுங்க மாமா" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

"கழட்டுங்க."

வலது கால் செருப்பு லேசில் வரவில்லை. அடியிலிருந்து ஏறிய ஓர் ஆணி செருப்பையும் தாண்டிப் பாதத்துக்குள் போயிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ! மாமா அதைக் குறடால் இழுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. என் அப்பா எவ்வளவு தைரியசாலி என்று நினைத்தேன்.

"வலிக்கலியா?"

"இல்ல."

"எத்தினி நாளா கால் மரத்துப்போவுது?"

"தைப்பூசத்துல இருந்து" என்றார் அப்பா.

"சக்கரைக்கு மாத்திர?"

"நிறுத்திட்டேன்."

மாமாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். "பாப்பா படிச்சது பூரா ஒங்க கால் மிதிச்ச கணக்கு மாமா. வண்டி தயங்கல. ஒங்க கால்தான் பெடல்ல இருக்கா இல்லியான்னு ஒங்களுக்கே தெரியல. பின்னால ஒம்பது பேரு குந்தியிருக்காங்க."

அப்பா தலையை ஆட்டினார். சட்டைப் பையில் இருந்த மாற்றுச் சாவியையும் எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

அதன்பிறகு அப்பா அந்த வேனை ஓட்டவில்லை. மாமாவின் ஷெட்டில் வேலை பார்த்த ஒருவர் ஓட்டினார்; அப்பா வீட்டிலிருந்தபடி போனில் வண்டியைக் கவனித்துக்கொண்டார். காயம் ஆற மழைக்காலம் வந்துவிட்டது. இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றபடி நன்றாகவே இருக்கிறார்.

ஆணியை எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் கடலூருக்குத் திரும்பினோம். மாமா ஓட்டினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். மீன்கார அம்மாக்கள் உட்காரும் இடத்தில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். அவரை நான் பின்னால் பார்ப்பது அதுவே முதல்முறை. பாலத்தைத் தாண்டியபோது வண்டி தண்ணீரில் போகிற படகு மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்பதை அப்பாவிடம் சொல்லியே ஆகவேண்டும்போல் இருந்தது.

"அப்பா, பாத்தியா, இப்ப வண்டிக்கு விக்கலே வரல!"

"ஆமா கண்ணு, நல்லாத்தான் போவுது" என்றார் அப்பா, ஜன்னல் பக்கமே பார்த்துக் கண்ணைத் துடைத்தபடி. வெயில் கண்ணில் படுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, இந்தப் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னேன்.