ஈரத்துணி போடாத சட்டை

தாராவியில் எங்கள் சந்து முனையில் துணி தேய்ப்பவர் ஒருவர் இருந்தார். குட்டையான ஆள், நரைத்த மீசை. மேட்ச் நாளில் தன் ஃபுட்பால் டீமின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவார். அந்தச் சட்டைத்துணி சூடு தாங்காது. அதனால் மேலே ஈரத்துணி விரித்து, பட்டும் படாமலும் தேய்ப்பார். என் மகனும் அதே டீம்தான். அவன் சட்டைக்கும் அதே மரியாதை. நான் கூச்சக்காரி. மூட்டையை வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன்.

டீமின் பழைய கோச்சை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று மகன் சொன்ன மறுநாள் போனேன். அவர் தன் பச்சைச் சட்டையை விரித்தார். ஈரத்துணி போடவில்லை. நெஞ்சிலிருந்த டீம் சின்னத்தின் மேலேயே பெட்டியை வைத்து அழுத்தினார். புகை கிளம்பியது.

"ஐயோ, கருகுதே!" என்று கத்திவிட்டேன். பத்து வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"கருகட்டும்க்கா. அந்த மனுசன் மழையில நின்னு பயலுவளுக்குச் சொல்லிக்குடுத்தாரு. ஒரே போன்ல போகச் சொல்லிட்டானுவ. இனி எவன் ஜெயிச்சா எனக்கென்ன?"

என் மூட்டையில் மேலாக இருந்தது மகனின் பச்சைச் சட்டை. நான் மறைப்பதற்குள் அதை உருவி மேசையில் விரித்துவிட்டார். எனக்கு உயிரே போயிற்று.

பெட்டியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டித் துடைத்தார். ஈரத்துணியைப் பிழிந்து, மகனின் சட்டைச் சின்னத்தின் மேல் இரண்டாக மடித்துப் போட்டார். அந்த மனசு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எப்போதும் ஒற்றையாகத்தான் போடுவார்.