காயில்காரர் கழற்றிப் பார்க்காத மெஷின்

எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "இது தேறுமா?" என்று யார் கேட்டாலும் அவர் சட்டென்று பதில் சொன்னதில்லை. "கழற்றிப் பார்க்காம நான் எதுக்கும் ஆயுசு சொல்றதில்ல" என்பார். மூடியைத் திறந்து, கருகிய செம்புக் கம்பியை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்த பிறகுதான் தீர்ப்பு. முப்பது வருஷமாக அதே கடை, அதே மேஜை. தண்ணீர் பம்பு, ஏ.சி. மோட்டார், தொழிற்சாலை மின்விசிறி, எது எரிந்தாலும் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். அப்படிச் சுற்றிய கம்பிக்குக் காயில் என்று பெயர். அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயரே காயில்காரர் என்று ஆகிவிட்டது.

அவர் மனைவி பஸ் நிலையத்து விசாரணை கவுண்டரில் இருந்தவள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தும் பேசுவாள். "மூணு மணி வண்டி எத்தனை மணிக்கு வரும்னு கேக்கறான் ஒருத்தன். மூணு மணிக்கு வரணும்னு அதுக்கும் ஆசைதான், ஆனா நாலாகும்னு சொன்னேன்" என்று அவள் சொல்லும்போது காயில்காரருக்குச் சிரிப்பில் சோறு தொண்டையில் சிக்கும். வாய் ஓயாத பெண்டாட்டி என்று வெளியே அலுத்துக்கொள்வார். உள்ளுக்குள் அந்தப் பேச்சுக்காகத்தான் சீக்கிரம் கடையைப் பூட்டுவார்.

நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு அது வந்தது. எதனால் என்று கைகாட்ட ஒரு காரணமும் இல்லை. முதலில் தூக்கம் போனது. பிறகு சாப்பாட்டில் ருசி போனது. ஒருநாள் கவுண்டரில் ஒரு கிழவர் ஏதோ ஊருக்கு வண்டி கேட்டிருக்கிறார். அவளுக்குப் பதில் தெரியும், வாய்தான் திறக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டு, யாரோ கண்ணாடியைத் தட்டி, மேலதிகாரி வந்து அவளை எழுப்பிக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அவள் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை.

டாக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரை கொடுத்தார்கள், மாற்றிக் கொடுத்தார்கள், இரண்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் தேறுவது போலிருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலை வாரத் தொடங்குவாள். மத்தியானம் அவர் வந்து பார்த்தால் பாதித் தலை வாரியிருக்கும், சீப்பு கையில் அப்படியே இருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். அப்போது கல்லூரிக் கடைசி வருஷம். அம்மாவைப் பற்றி அவள் யாரிடமும் பேசமாட்டாள், ஆனால் வைத்தியம் தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினர் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். மாமா முன்னால் கேட்டால் அப்பா தட்டமாட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, ஓர் ஆஸ்பத்திரியின் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அப்பா, மாத்திரை சரியா கேக்காதவங்களுக்குக் காந்தத்தால ஒரு சிகிச்சை இருக்காம். தலைமேல ஒரு காயில் வைப்பாங்க. மயக்கம் குடுக்கறதில்ல, ஆபரேஷன் இல்ல. தினமும் போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரணும், அவ்வளவுதான். ஒரு தடவை போய்க் கேட்டுப் பாப்போமே."

காயில்காரர் தாளைத் தொடக்கூட இல்லை. அவருக்குத் தெரிந்த தலை வைத்தியம் ஒன்றுதான், கட்டிப்போட்டுக் கரண்ட் வைப்பது. கரண்ட் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். தொழில் பழகிய காலத்தில் ஒருமுறை பிடித்து, வலது சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது. போதாததற்கு மச்சினர் உட்கார்ந்திருக்கிறார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தது. தலை, மனசு என்றெல்லாம் இந்தப் பெண் போட்டு உடைக்கிறாளே என்று பதறிப்போனவருக்கு, வாயில் வந்தது வேடிக்கைதான்.

"உங்கம்மா மண்டை என்ன மோட்டாரா, காயில் கட்டி ஓட்டறதுக்கு? அப்படின்னா கடைக்குக் கூட்டிட்டு வா, நானே சுத்தி விட்டுடறேன்!"

மச்சினர் விழுந்து விழுந்து சிரித்தார். மச்சினர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மனைவியும் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் பார்த்த சிரிப்பு. 'பார்த்தாயா, இதுதான் மருந்து' என்பதுபோல அவர் மகளைப் பார்த்தார். மகள் தாளை நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

ஆறு வருஷம் போனது. மகள் வேறு ஊரில் வேலைக்குப் போனாள். அங்கேயே கூட வேலை பார்த்த பையனைப் பிடித்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு ஒரு சாப்பாடு, கல்யாணம் அவ்வளவுதான். ஃபோன் வாரத்துக்கு ஒன்று வந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று. "அம்மா எப்படி இருக்காங்க?" "அப்படியேதான் இருக்கா." பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அந்த வருஷம் வெயில் அதிகம். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஏ.சி. மோட்டார் ஒன்று கருகி வந்தது. சுற்றிக் கொடுத்துவிட்டு, பொருத்தவும் அவரையே கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை. நடுவில் பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்று, பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து தடித்த ஒயர், அதன் நுனியில் எட்டு வடிவத்தில் தட்டையாக ஒரு வஸ்து. அவர் ஏணியில் நின்றபடியே அதைப் பார்த்தார். உறைக்குள் இருந்தாலும் தொழில்காரன் கண்ணுக்குத் தப்புமா?

"அது காயில்தானே?" என்றார்.

"ஆமா சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" அங்கிருந்த டெக்னீஷியன் பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். "ரொம்பச் சூடாயிடும். அதான் ஏ.சி. இல்லாம ரெண்டு நாளா எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டு இருக்கோம்."

"இது எதுக்கும்மா?"

"மனச்சோர்வுக்கு. தலைமேல இந்த இடத்துல வைப்போம்" என்று தன் இடது நெற்றிக்கு மேலே தொட்டுக் காட்டினாள்.

காயில்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். "கரண்ட் வைக்கறதுன்னு சொல்லுங்க."

"ஐயோ, அது வேற சார். அது மயக்கம் குடுத்துச் செய்யறது, அதுவும் சிலருக்குத் தேவைதான். இதுல ஒயர்க் கரண்ட் உடம்பைத் தொடவே தொடாது. காயிலுக்குள்ள கரண்ட் விட்டு விட்டுப் போகும். காந்தம் வரும், போகும். அதனால மூளைல அந்த இடத்துல மட்டும் ரொம்பச் சின்னதா…"

"கரண்ட் தானா பிறக்கும்" என்று அவரே முடித்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. ஒரு சுருளில் கரண்ட் ஏறி இறங்கினால், தொடாமலே பக்கத்துச் சுருளில் கரண்ட் பிறக்கும். அவர் தொழிலில் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. சோறு போட்ட பாடம்.

அவள் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்ல போலிருக்கே! மெஷினைச் சோதிச்சுப் பாக்கணும், கை குடுக்கறீங்களா? பேஸ்மேக்கர், உடம்புல இரும்புத் தகடு, வலிப்பு ஏதாவது உண்டா?" என்றாள். இல்லை என்று வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். முன்கையில் காயிலை வைத்து ஒரு பித்தானை அழுத்தினாள். டக். விரல்கள் தாமாக ஒருமுறை துள்ளின. மடங்காத சுண்டுவிரலும் கொஞ்சம் அசைந்தது. வலி இல்லை. யாரோ விரலால் சுண்டிவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"தலைல வைக்கும்போது கொஞ்சம் சுருக்குனு இருக்கும். முதல் சில நாள் தலைவலி வரலாம், சத்தத்துக்குக் காதை அடைச்சுப்போம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமுடியாது சார். ஆனா மாத்திரை கேக்காத நிறையப் பேருக்குக் கேக்குது."

"இங்க எத்தனை வருஷமா இருக்கு?"

"எட்டு வருஷம் ஆச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோயாளிகள் உட்காருகிற அதே நாற்காலியில். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையாவது பரவாயில்லை, அவன் அலையவாவது செய்தான். நான் நெய்யே வேண்டாம் என்றல்லவா உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தார். நாலு திருகாணி போட்ட ஓட்டை பம்பைக்கூடத் திறந்து பார்க்காமல் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் விஷயத்தில் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கரண்ட் பயம் என்று இத்தனை நாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் முழு உண்மை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மச்சினர் முன்னால் மானம் போகிறதே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொன்னார். அவள் கையிலிருந்த சீப்பைக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு, "போலாம்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா எல்லாம் விசாரித்து, பழைய சீட்டுகளைப் பார்த்து, மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று சொல்லிச் சிகிச்சையைத் தொடங்கினார். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். முதல் நாள் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கத் தலையில் அங்கங்கே வைத்துத் தட்டினார்கள். ஓரிடத்தில் வைத்ததும் அவள் வலது கட்டைவிரல் துள்ளியது. அங்கிருந்து அளந்து முன்பக்கம் குறித்துக்கொண்டார்கள். தினமும் கடையை மத்தியானம் பூட்டிவிட்டு அவர் கூடப் போனார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் கதவைத் தாண்டி டக்டக்டக் என்று கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரம், திரும்பி வரும்போது பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. எல்லாரும் புலம்ப, அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "பாவம், அதுக்கும் மனசு சரியில்ல போல" என்றாள். காயில்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முழுசாக மீண்டுவிட்டாள் என்று சொல்லமுடியாது. முக்கால் என்று டாக்டரம்மா சொன்னார். தலையை முழுக்க வாரினாள். பக்கத்து வீட்டுக்காரியோடு பேசினாள். பேச்சு வந்த பிறகுதான் ஒருநாள், எந்தக் கோபமும் இல்லாமல் அதையும் சொன்னாள்.

"அன்னிக்கு அவ தாளைக் கொண்டுவந்தப்ப, போகணும்னுதாங்க எனக்கு இருந்துச்சு."

"அப்ப ஏன் சிரிச்சே?"

"எல்லாரும் சிரிச்சாங்களே. நான் மட்டும் சிரிக்கலன்னா என்னையே பாப்பாங்க."

கடைசி நாள் அவர் தனியாக உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கேட்டார். "ஆறு வருஷம் முன்னாடியே வந்திருந்தா முழுசா சரியாயிருக்குமா டாக்டர்?"

"தெரியாதுங்க. அப்பவும் கேக்காமப் போயிருக்கலாம். கேட்டிருக்கவும் செய்யலாம்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார், இல்லை என்றால் ஆறியிருப்பார். இந்தப் பதிலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மகளுக்கு ஃபோன் போட்டு, "நீ சொன்னதை நான் அன்னிக்கே கேட்டிருக்கணும், தப்பு என்னோடதுதான்மா" என்றார். "பரவாயில்லப்பா" என்றாள். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறவரிடம் சொல்வோமே, அந்த மாதிரி. அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அரை மணி பேசினாள். அவரிடம் மறுபடி கொடுக்கச் சொல்லவில்லை.

போன மாதம் மனைவி மகளின் கல்யாண ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைத் திறப்பது அதுதான் முதல் முறை. ஒவ்வொரு படமாகக் கேட்டாள். இது யாரு, மாப்பிள்ளையோட சித்தியா? இந்தப் புடவை எப்ப எடுத்தோம்? அவளும் எல்லாப் படத்திலும் இருந்தாள், ஆனால் அந்த நாள் அவள் ஞாபகத்தில் இல்லை. கவுண்டரில் அவள் பதில் சொன்ன மாதிரியே, காயில்காரர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு மகள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது. மகள் முகம் எதற்கோ காத்திருந்தது.

"நான் இவகிட்ட அப்ப என்ன சொன்னேங்க?"

"சந்தோஷமா இருன்னு சொன்னே."

அவள் படத்தையே பார்த்தாள். "நிஜமாவா?"

அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது போகும்வரை நின்றார்.

"இல்ல" என்றார். "நீ ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் அவளே கையை விட்டுட்டா."