ஏட்டையா கேட்ட முதல் கேள்வி

ஸ்டேஷனில் வாசலை ஒட்டிய மேஜை வருஷக்கணக்காக ஏட்டையாவின் ராஜ்ஜியம். புகார் கொடுக்க வந்த யாரையும் அவர் அடித்ததில்லை, யாரிடமும் கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஆனால் எதிரே கிடந்த நாற்காலியில் ஒருவரையும் உட்காரச் சொன்னதில்லை. அது அவருடைய தொப்பி உட்காரும் இடம். சைக்கிளைப் பறிகொடுத்தவரோ, புருஷனிடம் அடிவாங்கியவளோ, யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீ என்ன பண்ணினே?"

வீட்டுக்கு வந்தால் மனுஷர் ஆளே மாறிவிடுவார். சாப்பிட உட்கார்ந்ததும் அன்றைக்கு வந்தவர்களைப் போல நடித்துக் காட்டுவார். "பஸ் ஸ்டாப்புல பின்னாடியே வந்து நிக்கிறான் சார்" என்று மூக்கை உறிஞ்சியபடி இழுப்பார். பிறகு சொந்தக் குரலில், "பஸ் ஸ்டாப்புல நிக்காம உன் வீட்டு வாசல்லயா நிப்பான்?" என்பார். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். மகளும் சிரிப்பாள். அவள் சிரிக்கவேண்டும் என்றே கொஞ்சம் கூட்டிச் சொல்வார். ஊரையே மோப்பம் பிடிக்கிறவர், அவள் சிரிப்பதை எப்போது நிறுத்தினாள் என்பதைக் கவனிக்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது மகளின் வேலை. அவளுக்கு அது உயிர். ஒருநாள் திடீரென்று அதை விட்டுவிட்டு வந்து நின்றாள். கேட்டால் தலைவலி என்றாள். ஏட்டையா விவரம் கேட்கக் கடைக்கே போனார்.

முதலாளியம்மா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "உங்களுக்குத் தெரியாதா சார்? ரொம்ப நாளா ஒருத்தன் பஸ் ஸ்டாப்புலேர்ந்து அவ பின்னாடியே வர்றான். போன வாரம் கையைப் பிடிச்சு இழுத்துட்டான். அப்பாகிட்ட சொல்லும்மான்னேன். வேண்டாம்னுட்டா."

ஏட்டையா டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஏம்மா எங்கிட்ட சொல்லலை என்று கேட்கத்தான் வீட்டுக்கு ஓடினார். துணி மடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்ததும் கோபமும் பயமும் முட்டிக்கொண்டு வந்தன. பழகிய வாய் முந்திக்கொண்டது.

"நீ என்ன பண்ணினே?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்குத்தாம்பா சொல்லலை."

அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். "யாரும்மா அவன்? ஆள் எப்படி இருப்பான்? அப்பா பாத்துக்கறேன்" என்று கெஞ்சினார்.

"விட்டுடுங்கப்பா" என்று துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்றுவரை சொல்லவில்லை.

தொப்பி இப்போது அவர் மடியில் இருக்கிறது. உட்காரச் சொன்னாலும் வருகிறவர்கள் தயங்கி நின்றுகொண்டே பேசுகிறார்கள். வேலை முடிந்ததும் சாதாரணச் சட்டையில் அந்த பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறார். எவனைப் பார்த்தாலும் அவனாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

நேற்று, மகள் வயதுப் பெண் ஒருத்தி அவர் வெறித்துப் பார்ப்பதைக் கண்டு பையை இறுக்கிக்கொண்டு நகர்ந்தாள். பயப்படாதேம்மா, நான் போலீஸ்தான் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இன்னும் தள்ளிப் போவாள் என்று தோன்றியதால் சொல்லவில்லை.