சங்கிலி இல்லாத யானையும் இடுப்பளவு தண்ணீரும்

தண்ணீருக்குள் மரம் நின்றால் அங்கே ஆழம் இடுப்புக்கு மேல் இருக்காது என்று நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்குமுன் எங்கள் ஊர்க் கண்மாய்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். திருச்சுழிப் பக்கம் கண்மாய் என்பது வருஷத்தில் பாதி நாள் ஆடு மேய்கிற இடம். உள்ளே கருவேல மரங்கள் அதுபாட்டுக்கு வளர்ந்து நிற்கும். மழை பெய்து தண்ணீர் வந்தால் அவற்றின் முழங்கால் நனையும், அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தே அக்கரை போய்விடுவோம். நீச்சல் எதற்கு? யாரும் கற்றுக்கொள்ளவில்லை. நானும்தான்.

எழுபதுகளின் நடுவே மழை ஏமாற்றிய ஒரு வருஷம். நான் வேலை பார்த்த அருப்புக்கோட்டை மிளகாய் மண்டியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் மனைவியையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு தேக்கடிக்குப் பஸ் ஏறினேன். மலைகளும் நடுவே பெரிய ஏரியுமாக அரசாங்கம் காவல் காக்கிற காடு. என் மனைவிக்குச் சங்கிலி இல்லாத யானையைப் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் காலைக் கட்டிப்போட்ட யானையை மட்டுமே பார்த்தவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. இதை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படகில் ஏறும்போது வனக்காவலர் ஒருவர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: “சத்தம் மட்டும் போடாதீங்க. யானை தண்ணி குடிக்க வர்ற நேரம். கத்துனா காட்டுக்குள்ள போயிடும், இன்னிக்கு மறுபடி வராது.”

மோட்டார் படகு கிளம்பியது. ஏரி முழுக்கப் பட்டுப்போன கறுத்த மரங்கள் நின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“பயப்படாத. மரம் நிக்குது பாரு. இடுப்பளவு தண்ணிதான். கவுந்தாலும் நடந்து போயிரலாம்” என்றேன் மனைவியிடம்.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா வாங்க” என்றாள்.

பின்னால் இருந்த மைத்துனன் விடவில்லை. “அப்ப எதுக்கு அத்தான் படகு? வேட்டியத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்திருக்கலாம்ல?”

“ஏலே மாப்ள, அடியில சேறு கெடக்கும்ல. டவுனுக்காரன் செருப்பு என்னத்துக்கு ஆகும்?”

முன்வரிசையில் இருந்த யாரோ தலையை ஆட்டினார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போது படகு ஒரு மரத்தை ஒட்டிப் போனது. சேறு எவ்வளவு என்று காட்டலாமே என்று எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர் தெளிவாக இருந்தது, அதுதான் வினை. மரம் கீழே போயிற்று. போகப் போகப் பருத்தது. எங்கள் கருவேலத்தின் தூரைவிடத் தடித்த கிளைகள் பக்கவாட்டில் பிரிந்தன. அதற்கும் கீழே மரம் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் பச்சை இருட்டு. நான் மரம் என்று நினைத்தது உச்சிக் கொண்டை. அணை கட்டியபோது மூழ்கிப்போன ஒரு காட்டின் தலைக்கு மேலே உட்கார்ந்து செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து நின்றேன். படகு ஆடியது. உட்கார்ந்தேன். அதற்கும் ஆடியது.

“மாப்ள, படகத் திருப்பச் சொல்லுலே.”

“ஏன் அத்தான், எறங்கி நடக்கப் போறீகளா?”

அந்த நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆறுதலுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அந்தப் புல்லு அசையுது.”

எனக்குத் தொண்டை வரைக்கும் ஒரு ‘ஐயோ’ ஏறி வந்துவிட்டது. அவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ, திரும்பாமலே மெல்லச் சொன்னாள்: “கத்துனீக, இங்கயிருந்து நேரா நரிக்குடிக்குப் பஸ் ஏறிருவேன்.”

நரிக்குடி அவள் பிறந்த ஊர். சொன்னால் செய்கிறவள். ஆனால் அந்த மிரட்டலைவிட, என் மணிக்கட்டை விடாமலே அவள் எம்பி எம்பிப் பார்த்ததுதான் என்னை என்னமோ செய்தது. தோளில் கிடந்த துண்டை இழுத்து வாய்க்குள் முடிந்தவரை திணித்தேன். ஆசனத்திலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, அதன் இரும்புக் காலைக் கட்டிக்கொண்டேன். கண்ணையும் இறுக்கி மூடினேன். கண்ணை மூடினால் ஆழம் குறையும் என்று அந்த நேரத்துக்கு ஒரு நம்பிக்கை. பக்கத்தில் இருந்த அம்மாள், சாமி கும்பிடுகிறார் போல என்று காலை ஒதுக்கி எனக்கு இடம் விட்டார்.

யானைகள் வந்தன. கூடவே ஒரு குட்டியும் வந்ததாம். கரையில் நின்று தண்ணீர் குடித்தன, முதுகில் ஊற்றிக்கொண்டன, வெகுநேரம் நின்றன. யாரும் சத்தம் போடவில்லை. என் மனைவி ஆசை தீரப் பார்த்தாள். நான் ஒரு யானையையும் பார்க்கவில்லை.